கம்ப்யூட்டருக்கு ஏற்ற படிப்பு

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, தீபிகாவுக்கும் ரியாவுக்கும் ஸ்காட்லாந்திலிருந்து ஒரே மாதிரி இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. பாறையியல் முதுநிலைப் படிப்பில் இருவருக்கும் இடம், உதவித்தொகையும் உண்டு, செப்டம்பரில் வந்து சேர வேண்டும். தீபிகா தன் மின்னஞ்சலை லேப்டாப் வாசிக்க இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருந்தபோதே, பட்டாபிராமிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ரியா ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். மாடிப்படி ஏறும்போதே சத்தம்.

“தீபி! ஏய் தீபி! உனுக்கு வந்துச்சாடி?”

“வந்துடுச்சு.”

“எனுக்கும் வந்துடுச்சு!”

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த தீபிகாவின் அம்மா கண்ணம்மாவை ரியா தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். “ஆண்ட்டி, ரெண்டு பேரும் ஃபாரின் போறோம். ஒரே காலேஜ், ஒரே ரூமு, ஒரே சோறு!”

“நீ கூட இருந்தா எனக்கு ஒரு கவலையும் இல்ல தாயி,” என்றாள் கண்ணம்மா. அன்று மாலை ஃபேக்டரியில் டூட்டி முடிந்து வந்த தீபிகாவின் அப்பா சண்முகசுந்தரம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: “ரியாவுக்கும் கெடச்சிருக்குல்லா?”

பதினேழு வயதில் தீபிகாவுக்குக் கண்ணில் ஒரு நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வரும் நோய். முதலில் இருட்டில் எதுவும் தெரியாமல் போயிற்று. பிறகு பக்கவாட்டுப் பார்வை போயிற்று. இருபத்தொரு வயதில் அவள் உலகத்தை ஒரு குழாய் வழியாகத்தான் பார்த்தாள். எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்தால் அவர் கை நீட்டுவது தெரியாது. வாசற்படியைப் பார்த்துக் காலை வைத்தால் நெற்றி கதவில் இடிக்கும். மருந்து கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட பெண் எதற்காக நிலவியல் படிக்கப் போனாள் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்தது, போனாள், அவ்வளவுதான். ஆனால் முதல் வருடம் சோதனைக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்த நாளிலிருந்து அவளுக்கு வேறு எதுவும் வேண்டாமல் போயிற்று. பாறையை முடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். வெளியே வைத்துப் பார்த்தால் அழுக்குப் படிந்த கண்ணாடிபோல் இருக்கும். மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, வெளிச்சத்தை வடிகட்டும் இரண்டு தகடுகளையும் குறுக்கே தள்ளினால் போதும்: நீலம், ரோஜா, பச்சை, ஆரஞ்சு என்று கனிமங்கள் பற்றி எரியும். கண்ணாடியை வைத்த மேடையைத் திருப்பத் திருப்ப ஒன்று அணையும், இன்னொன்று ஒளிரும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் ரியாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மைக்ரோஸ்கோப்பில் எல்லோருக்குமே ஒரு வட்டம்தான் தெரியும். வட்டத்துக்கு வெளியே யாருக்கும் இருட்டுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வகுப்பில் இருந்த முப்பத்திரண்டு பேருக்கும் அவளுக்கும் ஒரே அளவு பார்வை.

மற்ற எல்லாவற்றையும் அவள் லேப்டாப்பில் செய்தாள். கல்லூரியில் சேர்ந்த வருடம் வாங்கிய கறுப்பு லேப்டாப். விசைகளில் எழுத்துகள் தேய்ந்துவிட்டன. அவளுக்கு அவை தேவைப்படவும் இல்லை. மவுஸ் கிடையாது. அம்பத்தூரில் உத்தமன் என்பவர் பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார், அவரும் பார்வையற்றவர். அங்கே போய், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைப் பழகிக்கொண்டாள். பழகப் பழக அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். இப்போது அது பேசுவது வீட்டில் யாருக்கும் புரியாது. “வண்டு கத்துத மாதிரில்லா இருக்கு,” என்பாள் கண்ணம்மா. அந்த வண்டின் சத்தத்தில் தீபிகா பாடம் படித்தாள், கணக்குப் போட்டாள், புரோகிராம் எழுதினாள், ஸ்காட்லாந்துக்கு விண்ணப்பமும் அனுப்பினாள்.

உத்தமன் சொன்னதற்காக நியூசிலாந்தில் நிலநடுக்கவியல் படிப்பு ஒன்றுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவைத்திருந்தாள். அதை ரியாவிடம் சொல்லவில்லை. அதில் அவளுக்கு அவ்வளவு அக்கறையும் இல்லை.

மார்ச் முதல் வாரத்தில் ஸ்காட்லாந்திலிருந்து, படிப்புக்குத் தேவையான மென்பொருள்களின் பட்டியல் வந்தது. அங்கே மாணவர்கள் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்ப்பதே குறைவு. பாறைச் சீவலை முழுவதும் படமெடுத்துக் கம்ப்யூட்டருக்குள் போட்டுவிடுகிறார்கள். திரையில் பார்த்து, மவுஸால் ஒவ்வொரு கனிமத்தையும் சுற்றி வரைந்து அளவெடுக்க வேண்டும். தீபிகா அந்த மென்பொருளின் இலவசப் பிரதியைத் தன் லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தாள். ஸ்கிரீன் ரீடர் வாயைத் திறந்தது. “பட்டன்,” என்றது. அடுத்த விசையை அழுத்தினாள். “பட்டன்.” இன்னும் ஒரு விசை. “பட்டன். பட்டன். படம். பட்டன்.” எந்தப் பட்டன் எதற்கு என்று அந்த மென்பொருளைச் செய்தவர்கள் பெயர் எழுதவில்லை. படத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல எந்த வழியும் இல்லை. பெரிதாக்கிக் கண்ணால் பார்க்க முயன்றாள். அந்தப் பெரிய படத்தில் அவளுடைய குழாய்க்குள் அகப்பட்டது ஒரே ஒரு மூலை. அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது.

படிப்பை நடத்துகிற பேராசிரியருக்கு எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. நல்ல மனிதர். ஒரு குறையும் சொல்ல முடியாத கடிதம். உங்கள் கம்ப்யூட்டரில் இது வேலை செய்யாது என்பதற்கு வருந்துகிறோம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படத்தில் இருப்பதைச் சொல்ல ஒரு உதவியாளரை ஏற்பாடு செய்வோம். நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

“உதவியாளரெல்லாம் எதுக்குடி? நான் கீறேன்ல?” என்றாள் ரியா. “நீ கேளு, நான் சொல்றேன். எது எது எங்க கீதுன்னு புட்டு புட்டு வெக்கிறேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் ரியா வீட்டில் உட்கார்ந்து அதைச் செய்தும் பார்த்தார்கள். கீழே ரியாவின் அம்மா ஜெயகுமாரி நடத்தும் ஸ்டேஷனரி கடை, மேலே வீடு. ரியா தன் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, “இடது பக்கம் பெருசா ஒண்ணு, கோடு கோடா கீது. அதுக்குக் கீழ சின்னதா மூணு,” என்று சொல்லிக்கொண்டே போனாள். காலை பத்து மணிக்குத் தொடங்கியது மூன்று மணி வரை இழுத்தது. பாதிப் படம்கூட முடியவில்லை. சாப்பிடக் கூப்பிட வந்த ஜெயகுமாரி கொஞ்ச நேரம் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“உன் வேலைய எப்போ செய்வே ரியா?” என்றார்.

“அப்பாலிக்கு செஞ்சிப்பேம்மா.”

“அங்க போயும் இதே மாதிரியா?”

“ஆமா. இன்னா இப்போ?”

ஜெயகுமாரி தீபிகாவின் தட்டில் இன்னும் ஒரு மீன் துண்டு வைத்தார். தீபிகா அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

இரண்டு வாரம் கழித்து அது நடந்தது. ஆண்டு முழுதும் செய்த சோதனைகளை எழுதிய ரெக்கார்டு நோட்டைத் தேர்வுக்கு முன் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். கையால் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்பது துறையின் விதி. தீபிகா மைக்ரோஸ்கோப்பில் தான் பார்த்ததை லேப்டாப்பில் தட்டெழுதி வைத்துக்கொள்வாள்; ரியா அதைப் பார்த்து நோட்டில் எழுதித் தருவாள். இரண்டு வருடமாக அப்படித்தான்.

சோதனைக்கூட ஆசிரியை லோகநாயகி மேடம் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: “எப்படி எழுதணும்னு இதைக் கேட்டுக்கோங்க. ஐந்தாவது சீவல். கனிமம் ஆலிவின். மேடையைத் திருப்பும்போது அடர்நீலம், பிறகு ரோஜா, விளிம்பில் பச்சை. விரிசல்களில் மட்டும் மங்கல். பாத்ததை அப்படியே எழுதியிருக்கா பாருங்க. வெரி குட் தீபிகா.”

ஐந்தாவது சீவல் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று அவள் தட்டெழுதியது: சாம்பல், வெளிர்சாம்பல், கோடுகள் இல்லை, கனிமம் குவார்ட்ஸ். அதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. அவள் கண்ணில் நீலமும் இல்லை, ரோஜாவும் இல்லை.

மதியம் மைதானத்து ஓரத்தில் ரியாவைக் கேட்டாள்.

“அஞ்சாவது சீவல்ல நான் என்ன எழுதியிருந்தேன்?”

ரியா டிபன் பாக்ஸை மூடினாள்.

“ரியா, நான் என்ன எழுதியிருந்தேன்?”

“குவார்ட்ஸ்னு.”

“நீ மாத்திட்டே.”

“ஒண்ணு ரெண்டு தாண்டி. எல்லாருக்கும்தான் தப்பு வருது.”

“எத்தனை?”

ரியா குனிந்து புல்லைக் கிள்ளினாள். “போன வருஷத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா. இந்த செமஸ்டர்ல… பாதிக்கு மேல.”

“ஏன் சொல்லல?”

“எப்படிடி சொல்றது?” என்றாள் ரியா. “மைக்ரோஸ்கோப் கிட்ட உக்காந்தா உன் மூஞ்சி எப்படிக் கீதுன்னு உனுக்குத் தெரியாது. நான் பாக்குறேன்ல. அத்தைப் பாத்துகினு ‘உனுக்குக் கலரே தெரியலடி’ன்னு எந்த வாயால சொல்றது?”

அன்று ரயிலில் இருவரும் வழக்கம்போல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தார்கள். கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல் என்று ஸ்டேஷன்கள் போயின. ஆவடியில் இறங்கும்போது ரியா எப்போதும்போல் முழங்கையைப் பிடிக்க வந்தாள். “நான் போய்க்கிறேன்,” என்றாள் தீபிகா.

அந்த வாரமே கண் மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் நெடுநேரம் பார்த்தார். ஓரப் பார்வையோடு இப்போது நடுப்பார்வையும் மங்கத் தொடங்கிவிட்டது; நிறங்கள்தான் முதலில் போகும். எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. சில வருடங்கள் இருக்கலாம் என்றார். கூட வந்திருந்த கண்ணம்மா, “கண்ணாடி மாத்தினா சரியாயிருமா டாக்டர்?” என்று கேட்டாள். அவர் பொறுமையாக இல்லை என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது கண்ணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தீபிகா அழவில்லை. எந்தெந்தச் சீவல்களை உண்மையாகப் பார்த்தோம், எவற்றைக் கற்பனை செய்துகொண்டோம் என்று யோசித்துக்கொண்டு வந்தாள். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நியூசிலாந்திலிருந்து வந்திருந்த கடிதத்தைத் திறந்தாள். இடம் கொடுத்திருந்தார்கள், அது வந்து பத்து நாளாகியும் அவள் அதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. இப்போது கேட்டாள். கம்ப்யூட்டர் பற்றி ஒரு பத்தி இருந்தது. உங்களுக்குப் பிடித்த எந்தக் கம்ப்யூட்டரையும் கொண்டு வாருங்கள். இங்கே எல்லா வேலையும் எழுத்துக் கட்டளைகளால்தான் நடக்கிறது. படம் வரைவது கடைசியில்தான் என்று இருந்தது. பழகிப் பார்க்க ஒரு மாதிரிக் கோப்பும் அனுப்பியிருந்தார்கள். பூமியின் அசைவு, நொடிக்கு நூறு எண்களாக. ஸ்கிரீன் ரீடர் தடங்கலே இல்லாமல் வாசித்தது. பட்டன் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ஒரு கருவியின் நேரம் மற்றவற்றோடு நான்கு நொடி ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து எழுதினாள். பதில் ஒரே வரி: நீங்கள் சொல்வது சரி, எங்கள் கண்ணில் படவில்லை, நன்றி.

அந்த வரியைப் பலமுறை கேட்டாள். அவள் செய்த வேலையை யாரும் திருத்தி எழுதவில்லை. ஆனாலும் மனம் குளிரவில்லை. எண்களில் அவளுக்கு ஆசை கிடையாது. அவளுக்கு வேண்டியது நீலம்.

அப்பாவிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சண்முகசுந்தரம் தென்காசிப் பக்கத்திலிருந்து இருபத்தாறு வருடம் முன்பு ஃபேக்டரி வேலைக்கு ஆவடி வந்தவர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். அன்று உயர்த்தினார்.

“கம்ப்யூட்டருக்குத் தோதா இருக்குன்னு யாராவது படிப்பை மாத்துவாகளா? கூட ரியா இருக்கான்னுதான நான் சரின்னு சொன்னேன். தனியா, அதுவும் உலகத்துக்கு அந்தக் கடைசில!”

“அந்தப் படிப்புல என் வேலைய ரியாதான் செய்யணும்ப்பா. இதுல நானே செய்வேன்.”

“என்ன செய்வ? எனக்குக் காட்டு.”

தீபிகா லேப்டாப்பைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். திரையை முழுவதும் அணைத்துவிட்டாள். “ஏதாவது வேலை சொல்லுங்க.”

அவர் சுற்றிப் பார்த்தார். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. “குவார்ட்டர்ஸ் மெயின்டனன்ஸுக்கு ஒரு லெட்டர் எழுதி அனுப்பு.”

கறுத்த திரையின் முன் அவள் விரல்கள் ஓடின. எழுதி முடித்ததும் வேகத்தைக் குறைத்து அவருக்குக் கேட்கும்படி வாசிக்க வைத்தாள். அவருடைய பெயர், வீட்டு எண், மூன்றாம் முறையாகப் புகார் செய்வது, எல்லாம் சரியாக இருந்தன. அனுப்பினாள். சண்முகசுந்தரம் வெகுநேரம் அந்த இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு எவ்வளவு தெரியும் என்பதும், எவ்வளவு தெரியாது என்பதும் அவருக்கு அப்போதுதான் ஒன்றாக விளங்கின.

“ரோட்டுல எப்படிப் போவ?” என்றார் மெதுவாக.

அவள் பையிலிருந்து மடக்கிய வெள்ளைக் குச்சியை எடுத்து நீட்டினாள். நான்கு வருடமாக வேண்டாம் வேண்டாம் என்று உத்தமனிடம் சொல்லிவந்தவள், போன வாரம்தான் வாங்கி வந்தாள். குச்சி கணுக்கணுவாக நிமிர்ந்து நின்றது. கண்ணம்மா அதைப் பார்த்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் அங்கே இல்லை.

சண்முகசுந்தரம் குச்சியை வாங்கித் தன் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். “சரி பிள்ள,” என்றார்.

ரியாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கடைசித் தேர்வு முடிந்த நாள், ஆவடியில் இறங்காமல் அவளோடு பட்டாபிராம் வரை போனாள். பிளாட்பாரத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. தீபிகா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

ரியா முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு அவள் மூச்சு மாறுவது தீபிகாவுக்குக் கேட்டது.

“ஒரு கம்ப்யூட்டருக்காக என்னை வுட்டுட்டுப் போறியா?”

“அப்படி இல்லடி.”

“வேற எப்படி? உன் லேப்டாப் அங்க வேலை செய்யாது, அதான? நான் செய்யுறேன்னு சொன்னேன்ல. நான் எத்தினி வருஷமா…” ரியா நிறுத்தினாள். “நான் இன்னா கேட்டேன் உன்கிட்ட? ஒண்ணாப் போலாம்னு சொன்னேன். அவ்ளோதான?”

அவளைப் போகவிட வேண்டும் என்றால் ஏதாவது கடுமையாகச் சொல்ல வேண்டும் என்று தீபிகாவுக்குத் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது யோசித்துச் சொன்னது அல்ல. உள்ளே பல நாளாக இருந்தது.

“அது என்கிட்ட பொய் சொல்லாது, ரியா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்.”

சொன்ன உடனேயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் நிற்காமல் இரைந்துகொண்டு போயிற்று. அது போய் முடிந்தபோது பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. தீபிகா கூப்பிட்டாள். சத்தம் நிற்கவில்லை.

மே, ஜூன், ஜூலை. ரியா போனை எடுக்கவில்லை. தேர்வு முடிவு வந்தது. தீபிகாவுக்குத் துறையில் இரண்டாம் இடம். ரியாவுக்கு ஏழாம் இடம். கண்ணம்மா பக்கத்து வீடுகளுக்கு இனிப்புக் கொடுத்தாள். தீபிகா ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. அந்த இடத்தில் எத்தனை பங்கு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். காலையில் குச்சியை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் சாலையில் நடக்கப் பழகினாள். “ஐயோ பாவம், நல்லாத்தான இருந்துச்சு இந்தப் பொண்ணு,” என்று ஒரு அம்மாள் அவள் காதுபடவே சொன்னார். முதல் வாரம் அழுதுகொண்டு திரும்பினாள். பிறகு திரும்பவில்லை, ஸ்டேஷன் வரை போனாள்.

செப்டம்பரில் ரியா கிளம்பும் தேதியை ஜெயகுமாரிதான் போனில் சொன்னார். “அவ சொல்லமாட்டா. நீ வாம்மா,” என்றார்.

கிளம்பும் நாள் காலை தீபிகா தனியாக ரயிலேறிப் பட்டாபிராமில் இறங்கி, கேட்டுக் கேட்டுக் கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாள். ரியா வாசலில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். குச்சி தரையில் தட்டுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இத்த எப்போ எடுத்தே?” என்றாள்.

“ஏப்ரல்ல.”

“தனியாவா வந்தே? தண்டவாளத்தை எப்படித் தாண்டினே?”

“பாலத்து மேல ஏறி.”

ரியா மறுபடி கயிற்றை இறுக்கக் குனிந்தாள். தீபிகா மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் வந்திருந்தாள். வாக்கியங்களை ரயிலில் வரும்போது அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் வீடு நிறைய உறவுக்காரர்கள். பெட்டியை யாரோ எடை போட்டார்கள். ஃபாதர் ஜெபம் பண்ண வந்துவிட்டார். ஜெபம் முடிந்ததும் ரியா எல்லோர் கையையும் பிடித்துவிட்டுத் தீபிகாவிடம் வந்தாள். கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிக்கொள்ளலில் கோபமும் இருந்தது. தீபிகாவுக்கு விலா வலித்தது.

“நான் பொய் சொல்லலடி,” என்று காதருகே சொன்னாள் ரியா. “உனுக்கு வலிக்கக் கூடாதுன்னு பண்ணேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் அப்படிச் சொன்னே.”

கார் கிளம்பிவிட்டது. தீபிகா சொல்ல வந்த வாக்கியங்கள் அவளிடமே இருந்தன.

பிப்ரவரியில் அவளும் கிளம்பினாள். நியூசிலாந்தில் காற்று ஓயாமல் அடிக்கிற மலைநகரம். தேய்ந்த விசைகளுள்ள அந்த லேப்டாப்பை முதல் நாள் ஆய்வறையில் திறந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. வேலை அவளுக்குப் பிடிபட்டது. இரண்டு மாதத்தில் மற்ற மாணவர்கள் தங்கள் புரோகிராமில் பிழை வந்தால் அவளிடம் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குப் போன் செய்யும்போது நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாள். அது பொய் இல்லை. ஏப்ரலில் நிறங்கள் அநேகமாக முழுவதும் போய்விட்டன. அதை வீட்டில் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்துக்கும் நியூசிலாந்துக்கும் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். இவள் விழித்திருக்கும்போது ரியா தூங்குவாள். முதலில் வாரம் ஒருமுறை பேசினார்கள். சாப்பாடு, குளிர், யார் வீட்டில் என்ன விசேஷம். சீவல்களைப் பற்றி ரியா ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை, இவளும் கேட்பதில்லை. பிறகு மாதம் ஒருமுறை ஆயிற்று. ரியா அங்கேயே ஆராய்ச்சிப் படிப்பில் சேரப்போகிறாள் என்பதைத் தீபிகா ஜெயகுமாரி மூலமாகத்தான் தெரிந்துகொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் ஆய்வறையிலிருந்து திரும்பும்போது பெரிய சாலை ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. சிக்னலில் எப்போதும் வரும் ஒலி அன்று வரவில்லை, ஏதோ பழுது. வண்டிகள் இரைந்தன. குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு வயதான பெண்ணின் குரல், கடக்க உதவட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது.

“ஆமாம், ப்ளீஸ்,” என்றாள் தீபிகா.

அந்தப் பெண் முழங்கையை நீட்டினாள். தீபிகா பிடித்துக்கொண்டாள். கம்பளி ஸ்வெட்டர், உள்ளே மெலிந்த எலும்பு. எந்தச் சங்கடமும் இல்லாமல், எந்த வைராக்கியமும் இல்லாமல், முன்பின் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிகிறது. இவ்வளவு சுலபமா இது, அன்று ஆவடியில் ரியாவின் கையை ஏன் வேண்டாம் என்றேன் என்று சாலையின் நடுவில் நினைத்தாள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் விடைபெற்றுப் போனாள். தீபிகா நடைபாதை ஓரம் ஒரு சுவரைத் தேடிப் பிடித்துச் சாய்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களா என்றுகூட நினைக்காமல், வாய்விட்டு அழுதாள்.